கால் சுற்று

எட்டு மாதச் சீட்டுக் காசுக்குப் பதிலாக
வந்து நின்றது இந்தக் கொரோனா.
தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, டீசல், டேர்போ.
திறப்பை என் மேசையில் வைத்துவிட்டு
வவுனியாப் பக்கம் போன புவனலோஜினியின் புருஷன்
இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.

சீனன்குடாவில், புகைப் பரிசோதனையில்,
குழாய்க்குள் கம்பியைச் செருகிய பெடியன்
அக்ஸிலேட்டரை அடிமட்டும் மிதித்தான்.
பின்னால் நின்ற வேப்பமரம்
ஒருகணம் காணாமல் போனது.
ஆறு தசம் இரண்டு.
"பெயில், அக்கா" என்றான், சிரிக்காமல்.
சாதாரண தரத்தில் கணக்குக்கு வந்த அதே சூடு
முப்பத்தெட்டு வயதில் காதில் ஏறியது.

கின்னியாவில் சிஹார் நானா
பொனற்றைத் திறந்துவிட்டு ஒன்றையும் தொடவில்லை.
பழைய சேவிங் பிறஷால்
இறப்பர் ஹோஸ் முழுக்கச் சோப்பு நுரை பூசி
என்ஜினை ஏற்றச் சொன்னார்.
மடிப்புக்குள் ஒரு குமிழ்,
பிறகு குடும்பமாய் நாலைந்து.
"காத்து இங்கால போகுது.
டேர்போ ஊதுறதில பாதி ரோட்டுக்கு.
டீசல் மட்டும் முழுசா உள்ள போனா
எரியிறதுக்கு மூச்சு வேணாமா?"

சீட்டும் இப்படித்தான் எங்கோ மடிப்பில் ஒழுகியிருக்கும்.
எனக்கு நுரை பூசத் தெரியவில்லை.

பம்பின் முதுகில் ஒரு சின்னத் திருகு.
ஈய முத்திரை அறுந்து கிடந்தது.
"ஆரோ கூட்டி வச்சிருக்கான், இழுவைக்கு."
ஆரென்று எனக்குத் தெரியும்.
கந்தளாய் தாண்டுமட்டும்
ஒருத்தரும் எட்டிப் பிடிக்கக் கூடாதென்று முறுக்கிய மனுசன்
காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனதுதான் விளங்கவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரால் நட்டை இளக்கி
கால் சுற்று வெளியே.
காது கொடுத்தார். இன்னும் கொஞ்சம். இறுக்கினார்.
புது ஹோஸ் கிடைக்கவில்லை;
லொறி ஒன்றின் துண்டு, இரண்டு கிளிப்.

"சைலன்சருக்குள்ள பழைய கரி கிடக்கு.
விடிய ரெண்டாம் கியரில இழுத்து ஓடுங்க,
எல்லாம் வெளிய போகட்டும்."

வெளியே என்றால், எங்கே?

பாலத்தில் தூண்டில்காரர் மூன்று பேர். மிதிக்கவில்லை.
பாலம் இறங்க, தொழுகை முடிந்து வரும் வெள்ளை ஜுப்பாக்கள்.
அதற்கப்பால் ட்யூசனுக்குப் போகும் சைக்கிள்,
வெள்ளைச் சீருடை, கரியரில் தங்கச்சி.
எல்லாரும் ஏன் இந்தக் காலையில்
வெள்ளை உடுத்திக்கொண்டு வருகிறார்கள்?
கரியைச் சுமந்தபடி
நல்ல பிள்ளையாய் நாற்பதில் போனேன்,
தம்பலகாமத்து வயல் வருமட்டும்.

அங்கே மிதித்தேன்.
கண்ணாடியில் வீதி கறுத்தது.
டேர்போவின் விசில் முழுதாய்க் கேட்டது,
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.
எருமையொன்று தலையைத் தூக்கி
கனநேரம் என்னைப் பார்த்தது.
அதன் முதுகிலிருந்த கொக்கு எழும்பி
காற்று வீசாத பக்கமாய்ப் போய் இருந்தது.
மன்னிப்புப் போல ஏதோ சொல்ல யன்னலை இறக்கினேன்.
எனக்கே இருமல்.

மூன்று தசம் ஏழு.
வேப்பமரம் நின்ற இடத்திலேயே நின்றது.
பெடியன் இப்போதும் சிரிக்கவில்லை.

உவர்மலை ஏற்றத்தில்
பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டபடி
என்னை முந்திக்கொண்டு போனது.

லைசென்ஸ் இன்னும் அவர் பெயரில்தான்;
மாற்றுவதென்றால் கையெழுத்து வேண்டும்,
கையெழுத்து வவுனியாவுக்கு அப்பால் எங்கோ.
புகை மட்டும் என்னுடையது.

பஸ் நிலையத்தடியில் நிறுத்தியிருந்தபோது
மானொன்று வந்து குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு
பக்கத்தில் கிடந்த வாழைப்பழத் தோலுக்குப் போனது.

சீற்றுக்கு அடியில்
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் கிடக்கிறது.
நானா மறந்தாரா, வைத்தாரா தெரியாது.
வியாழக்கிழமை கண்டிக்கு ஒரு ஹயர் சொல்லியிருக்கிறார்கள்.
ஐந்து பேர்.
சாமான் வேறு.